தொட்டுப் பயிலும் கல்வி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

"உயர்கல்வியும் நம் மாணவரும்" என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். நமக்கு முன் பேசிய பேராசிரியப் பெருந்தகை உதவித்தொகை, இடஒதுக்கீடு, போட்டித் தேர்வு ஆகிய மூன்றையும் ஐயந்திரிபற எடுத்துரைத்துவிட்டார். அவற்றையே திரும்பவும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. ஆதலின் அவர் தொடாத ஒன்றை நாம் தொடுகின்றோம். பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் சேரும் நம் பிள்ளைகள், மாலை மணி அடித்தபின் எங்கே போகின்றனர்? விடுதி மாணவர் விடுதிக்குத் திரும்புகின்றனர். வீட்டிலிருந்து வருவோர் பேருந்துக்கு ஓடுகின்றனர். விளையாட்டுக் கூடத்தின் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்குகின்றன. அங்கே ஜூடோவோ, கராத்தேயோ, சிலம்பமோ பயிலும் குழு ஒன்று கூடுகின்றது. அக்குழுவில், ஒன்றும் அறியாத புதியவராய், நம் பிள்ளைகள் சேர வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

தலைமையாசிரியருக்கு இந்த வயதில் என்ன வந்தது என்று சிலர் நகைப்பது தெரிகின்றது. நகைக்கலாம். பள்ளியில் உடற்பயிற்சிப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்காசிரியர்க்குக் கொடுத்த குற்றம் பல தலைமையாசிரியர்களைப் போலவே நம்மையும் சாரும். அதற்குக் கழுவாய் தேடுவதாகவும் கொள்ளலாம்.

முதலில் நாம் கூடியுள்ள இந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ராஜா அண்ணாமலைபுரம் என்னும் பெயர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் வந்தது. அவர் 1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர். அதே சிதம்பரத்தில், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார் என்பதை நாம் மறத்தல் கூடாது. ஒருவர் கையில் பொருள் இருந்தது. மற்றவர் கையில் திருவோடு இருந்தது. இரண்டும் பள்ளிகளாயின. இங்கிருந்து சிறிது நடந்தால் பழைய கிரீன்வேஸ் சாலை. அங்கே அண்ணல் அம்பேத்கரின் மணிமண்டபம் உள்ளது. அதே சாலையில் 'பூம்பொழில்' வளாகத்தில்தான் 1997இல் அவர் பெயர் தாங்கிய சட்டப் பல்கலைக்கழகம் தோன்றியது. மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். அதன் கரையில் கோவிந்தசாமி நகரின் வீடுகள் 2022 மே மாதத்தில் இடிக்கப்பட்டதும், முதியவர் ஒருவர் தம் உடலில் தீ வைத்துக்கொண்டு மாண்டதும் இங்குள்ளோர் பலர் கண்ணால் கண்டவை. அரண்மனையும் கால்வாய்க் கரையும் பல்கலைக்கழகமும் ஒரே அஞ்சல் எல்லைக்குள் அடங்கிய ஊர் இது. ஒரு நாழிகை நடையில் கடக்கத்தக்க அத்தொலைவைக் கடக்க நமக்கு எத்தனை தலைமுறை ஆயிற்று!

இனி பொருளுக்கு வருவோம்.

ஜப்பான் நாட்டில் கானோ ஜிகோரோ என்று ஒருவர் இருந்தார். 1860இல் பிறந்தவர். குள்ளமான உருவமும் மெலிந்த உடலும் உடையவர். பள்ளியில் வலியவர்களிடம் அடிபட்டவர். 1877இல், டோக்கியோப் பல்கலைக்கழக மாணவராய் இருந்தபோது, ஜூஜுட்சு என்னும் பழைய மற்கலையைக் கற்க ஓர் ஆசானிடம் சேர்ந்தார். ஓர் எறிமுறையைக் காட்டி, "இதனை எவ்வாறு செய்வது?" என்று கானோ வினவினாராம். ஆசான் விடை கூறவில்லை. அவரைத் தூக்கி எறிந்தார். மீண்டும் கேட்டார், மீண்டும் எறிந்தார். இது நல்ல கற்பித்தல் முறையா என்பதைப் பி.எட். தேர்வில் வினாவாகக் கேட்கலாம். ஆனால் அம்மாணவர் ஓடிவிடவில்லை. உடலெங்கும் களிம்பைப் பூசிக்கொண்டு மறுநாளும் போனார்.

அவரே 1882இல், ஒரு புத்தர் கோயிலின் பகுதியில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில், ஒன்பது மாணவரைக் கொண்டு 'கோடோகான்' என்னும் பள்ளியைத் தொடங்கினார். உயிரைக் கொல்லும் முறைகளை நீக்கி, பயிற்சிக்கு உகந்தவற்றைத் தொகுத்து, அதற்கு ஜூடோ என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் பேசப்படும் கறுப்புப் பட்டையும் அவர் பள்ளியில் வந்ததே. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது. அதனைக் காண அவர் இல்லை, 1938இலேயே மறைந்தார். அவருடைய தொழில் மற்கலை அன்று. அவர் ஆசிரியர், ஆசிரியர்களைப் பயிற்றும் உயர்பள்ளியில் பல ஆண்டுக்காலம் தலைவராய் இருந்தவர். நம் வகையினர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

கராத்தேயின் கதையும் இதை ஒத்ததே. ஒகினாவாத் தீவின் பள்ளியாசிரியராகிய புனகோஷி கிச்சின் 1922இல் அதனை டோக்கியோவுக்குக் கொண்டுவந்தார். 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் அதற்கு மாணவர் குழு அமைந்தது. அங்கிருந்து பிற பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. கவி தாகூர் 1929இல் தகாகாகி என்னும் ஜூடோ ஆசானைச் சாந்திநிகேதனுக்கு அழைத்துவந்தார். ஆண்களுடன் பெண்களும் அதைக் கற்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

இவையெல்லாம் எதற்கு? இக்கலைகள் பல்கலைக்கழகக் குழுக்களில் வளர்ந்தவை. அங்கே புதியவர் சேர்வதே மரபு என்பதற்காக. புதியவர்க்கு அங்கே வெள்ளைப் பட்டை. அமைச்சர் மகனாயினும் வெள்ளைப் பட்டை. தோட்டி மகனாயினும் வெள்ளைப் பட்டை. நம் நாட்டின் பழங்கதையில் போர்க்கலை பயில வந்த ஏகலைவனிடம் கட்டைவிரல் கேட்கப்பட்டது. கானோ கூடம் திறந்த அதே ஆண்டுகளில், 1881 முதல் 1885 வரை, சென்னைப் படையின் தலைமைத் தளபதியாய் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு உகந்த இனத்தவர் அல்லர் என்னும் கொள்கை உடையவர். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் நம் முன்னோர் பெருமளவில் பணி புரிந்துகொண்டிருந்த காலம் அது! அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜியும் படையில் சுபேதாராய் விளங்கியவரே. படைப்பள்ளியின் தலைமையாசிரியராயும் இருந்தவர்.

இனி நம் சொந்தக் கதை ஒன்று. இதுவரை எந்த மேடையிலும் சொல்லாதது.

1987ஆம் ஆண்டு. நாம் இளங்கலை முதலாண்டு மாணவர். அரசு ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் படித்தோம். கல்லூரியின் பெயர் இங்கு வேண்டா. அங்கே மாலையில் ஜூடோ பயிற்சி நடந்தது. அறிவிப்புப் பலகையில் "புதியவர்கள் வரலாம்" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொற்களை நம்பிப் போனோம். பயிற்சி அங்கி வாங்க நம்மிடம் பணமில்லை. தடித்த பருத்தித் துணியில், இழுத்தால் கிழியாதபடி தைத்த அங்கி அது. அதன் விலை நம் இரண்டு மாதக் கைச்செலவுக்கு மேல். குழுவில் பழைய அங்கிகள் சில ஒரு மரப்பெட்டியில் இருந்தன. புதியவர் யார் வேண்டுமாயினும் எடுத்து அணியலாம். நமக்குக் கிடைத்ததன் கழுத்துப் பட்டியில் ஒரு மைக்கறை இருந்தது.

முதல் இரண்டு வாரம் விழுவதற்கு மட்டுமே கற்றுத் தந்தனர். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, தலை பாயில் மோதாதபடி காத்து, கையால் பாயை ஓங்கி அறைந்து விழ வேண்டும். விழுவதற்கு இவ்வளவு இலக்கணமா என்று வியந்தோம். மூன்றாம் வாரம் இருவர் இருவராய் நிறுத்தினர். ஒருவர் மற்றவர் கழுத்துப் பட்டியை ஒரு கையாலும் சட்டைக் கையை மறு கையாலும் பற்ற வேண்டும். எண்ணிப் பாருங்கள். தோளில் துண்டு போட்டால் குற்றம் என்றிருந்த ஊரிலிருந்து வந்தவர் நாம். சட்டையைப் பிடிப்பது என்றால் நம் பக்கத்தில் அதன் பொருளே வேறு. இங்கோ, முதலில் குனிந்து வணங்கிவிட்டு, பிறகு பிடிக்கச் சொல்கின்றனர்! நம் கை நடுங்கியது உண்மை. எதிரே நின்ற மாணவர் நல்லவர். "இறுக்கிப் பிடி" என்று அவரே சொன்னார். அந்த மாலையில் விடுதிக்கு ஓடியே வந்தோம்.

பிறகு ஒரு நாள், எந்த விடுதி என்று கேட்டனர். சொன்னோம்.

எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல், நம்மோடு இணைந்தவர்க்கு வேறு இணை கிடைத்துவிட்டது. எண்ணிக்கை ஒற்றைப்படையாயிற்று என்றனர். நாம் சுவரோரம் நின்று தனியே விழுந்து பழகினோம். நாம் வரும் முன்பே பெட்டியில் எல்லா அங்கிகளும் எடுக்கப்பட்டிருக்கும். மைக்கறை அங்கி மட்டும் கிடக்கும். நாம் காய்ச்சலால் மூன்று நாள் போகாமல் இருந்து திரும்பியபோது, அது வைத்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் தம் சட்டையோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார். தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்டோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

நாம் அங்கியை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டோம். பயிற்றுநர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். போகவில்லை. அவர் ஒன்றும் அறியாதவர் என்பதே நம் எண்ணம். அறியாதிருந்தது அவர் குறை. அவரிடம் போய்ச் சொல்லாதது நம் குறை. நாம் அடிபட்டு வெளியேறவில்லை, எவரும் வெளியேற்றவும் இல்லை. நாமே நடந்து வெளியே வந்தோம். முப்பது ஆண்டுகட்கு மேலாகியும் நெஞ்சில் தைத்து நிற்பது அந்த அங்கி அன்று, நம் கால்களே.

இதைச் சொல்வதற்கு நம்மைத் துணியச் செய்தவள், இச்சங்கத்தின் மாலை வகுப்பில் படித்த ஒரு பெண். பெயர் சொல்லின் அவள் நாணுவாள். கால்வாய்க் கரையில் பிறந்தவள். வீடு போனபின் பெரும்பாக்கத்தில் குடியேறிய குடும்பம். தந்தை சுமை தூக்குபவர். சட்டப் படிப்பில் சேர்ந்தாள். முதலாண்டிலேயே வந்து, "ஐயா, ஜூடோ குழுவில் சேரலாம் என்றிருக்கிறேன். விழும்போது வலிக்குமா?" என்று கேட்டாள். நமக்கு உடனே விடை வரவில்லை. "வலிக்காமல் விழக் கற்றுத் தருவார்கள், அம்மா" என்றோம். மற்றதைச் சொல்வதா வேண்டாவா என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு அழைத்து, மைக்கறை அங்கியின் கதை முழுவதையும் சொன்னோம். கேட்டுவிட்டு, "பயிற்றுநரிடம் ஏன் ஐயா சொல்லவில்லை?" என்றாள். ஆசிரியரை மாணவி கேட்கும் வினாவாக அது இல்லை. வழக்கறிஞர் சாட்சியைக் கேட்கும் வினாவாக இருந்தது.

காலை ஆறு மணிப் பயிற்சிக்கு இரண்டு பேருந்து மாறிப் போனாள். முதல் மாதம் விழுந்தாள். இரண்டாம் மாதம் இணை நின்றாள். இணையாய் வந்த பெண், பிடிக்கும் முன் "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டாளாம். அந்த வினாவின் உள்ளே இருக்கும் வினாவை நாம் அறிவோம். இவள் ஊரையும் சொன்னாள்; உள்ளே இருந்த வினாவுக்கும் சேர்த்து விடை சொன்னாள். அந்தப் பெண் ஒரு கணம் நின்றாள். பிறகு கழுத்துப் பட்டியைப் பிடித்தாள். அவள் மனத்தில் என்ன ஓடியது என்பதை நாம் அறியோம். கை வந்தது என்பது மட்டும் அறிவோம்.

சில வாரங்கள் கழித்து, இவள் எறிமுறை ஒன்றைச் செய்தபோது அந்தப் பெண் தவறி, தலைகீழாய்ச் சாய்ந்துவிட்டாள். ஜூடோவில் ஒரு விதி உண்டு. எறிந்தவர், எறியப்பட்டவரின் கையை விட்டுவிடக் கூடாது. சட்டைக் கையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அவ்வாறு பிடித்தால்தான் விழுபவர் தலை தரையில் மோதாது. இவள் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் தோள்மட்டும் பாயில் பட்டது. "விடவே இல்லையே நீ" என்று அவள் சொன்னாளாம். இதை நம்மிடம் சொன்னபோது, இவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். துணி உரசித் தோல் உரிந்திருந்தது.

தொடாமல் கற்றுவிடக்கூடிய கல்வி நம் நாட்டில் நிறைய உண்டு. வகுப்பில் அண்ணல் அம்பேத்கர் தனிச் சாக்கில் அமர்ந்து கணக்குக் கற்றார், தொடாமலே கற்பித்தனர். இந்தக் கலையை அவ்வாறு கற்பிக்கவே இயலாது. ஜப்பானிலும் தீண்டத்தகாதவராய் ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. 1871இல் அரசாணை அவர்களின் இழிநிலையை நீக்கியது. ஆயினும் அதற்கு ஐம்பத்தோராண்டு கழித்து, 1922இல், அவர்கள் 'சுய்ஹெய்ஷா' என்னும் சமநிலைச் சங்கம் கண்டு போராட வேண்டியிருந்தது. ஆணை கதவைத் திறக்கும். கழுத்துப் பட்டியைப் பிடிக்கும் கையை அது தந்துவிடாது. ஆகவே, ஜூடோ கற்றால் சாதி போகும் என்று நாம் சொல்லவில்லை. 1987இல் போகவில்லை என்பதற்கு நாமே சான்று.

நம் பெரியோர்கள் எழுப்பும் தடைகள் நமக்குத் தெரியும். "கம்பெடுத்தவன் காவல் நிலையம் போவான்; நம் பையன் மேல்தான் முதல் வழக்கு விழும்" என்பது ஒன்று. இந்த அச்சம் பொய்யன்று. அடித்தவன் வீட்டில் உறங்க, அடிபட்டவன் சிறையில் கிடந்த கதைகளை நாம் கேட்டே வளர்ந்தோம். அதற்காகவே சொல்கின்றோம்: பகை தீர்க்க இக்கலை வேண்டா. வன்கொடுமை செய்வோரைத் தண்டிக்க 1989ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; அதனைப் பயன்படுத்த மேற்சொன்ன பெண்ணைப் போன்றோர் சட்டம் படிக்கின்றனர். 1927 மார்ச்சில் மகாத்தில் பொதுக்குளத்தில் நீரருந்தித் திரும்பிய நம் மக்களைக் கம்புகளால் தாக்கினர். வந்திருந்தோருள் முன்னாள் படைவீரரும் இருந்தனர். திருப்பித் தாக்கும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. அண்ணல் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். ஆற்றல் உள்ளவனைத் தடுத்தால்தான் அது அடக்கம். அதே காலத்தில்தான் சமதா சைனிக் தளம் என்னும் தொண்டர் படையும் தோன்றியது. இவ்விரண்டும் முரண் அல்ல.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் தயங்குகின்றனர். கை கால் முறிந்தால் யார் கட்டுவார் என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பாய் விரித்த கூடமும், பயிற்சி பெற்ற ஆசானும், முதலில் விழக் கற்பிக்கும் முறையும் இல்லாத இடத்திற்கு எந்தப் பிள்ளையையும் அனுப்ப வேண்டா. முதல் நாளே ஓடுகளை உடைக்கச் சொல்லும் இடமாயின் வாயிலிலேயே திரும்பிவிடுக. ஆறு மாதத்தில் கறுப்புப் பட்டை தருவோம் என்று பணம் கேட்போரும் இந்நகரில் உளர். அவரிடமும் நெருங்க வேண்டா.

மதிப்பெண் குறையும் என்போர்க்கு ஒன்று. சிலம்பம் இன்று திருவிழாவில் மட்டும் ஆடும் கலையன்று. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது. இதனை வேலைக்காகக் கற்க வேண்டும் என்று சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் வேலையை மறந்து பேச நம் மக்களுக்கு வசதியும் இல்லை.

சிலம்பத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். நம் சேரிகளில் பறையடியோடு கம்பு வீச்சும் இருந்தது. நம் பாட்டனார் அறுவடை முடிந்த களத்தில் வீசுவார்; நாம் சிறு பிள்ளையாய் வைக்கோற்போரின் மேலிருந்து பார்த்ததுண்டு. அவர் மண்ணைத் தொட்டு வணங்கிய பிறகே கம்பைத் தொடுவார். அவரிடம் நாம் ஒரு சுவடும் கற்றுக்கொள்ளவில்லை. படிக்கிற பிள்ளைக்குக் கம்பு எதற்கு என்று அவரே விலக்கிவிட்டார். இப்போட்டியில் கம்பின் நுனி எதிரியின் உடலைத் தொட்டதா என்பதே கணக்கு. அதனைக் காட்ட நுனியில் வண்ணப்பொடி தடவும் வழக்கமும் உண்டு. தொட்டால் தீட்டு என்று சொன்ன நாட்டில், தொட்டால் புள்ளி என்று ஒரு விளையாட்டு இருந்திருக்கின்றது!

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். முடிக்கின்றோம்.

இச்சங்கத்தின் ஆட்சிக்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம், ஏற்றுக்கொண்டனர். வரும் கல்வியாண்டு முதல், கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளுள் இக்குழுக்களில் சேர விரும்புவோர்க்குப் புத்தகத்தோடு பயிற்சி அங்கியும் சங்கமே வாங்கித் தரும். புத்தம் புதியது, பெட்டியில் கிடந்ததன்று. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குச் சிலம்பம் கற்பிக்க ஓர் ஆசான் இசைந்துள்ளார். வருபவர் தம் நெற்றி உயரத்திற்குக் கம்பு ஒன்று கொண்டுவரல் வேண்டும். இயலாதவர்க்கு நாம் பத்துக் கம்புகள் வெட்டி வைத்திருக்கின்றோம். பதினொன்றாவது கம்பு நம்முடையது. வயதானவர் வரலாமா என்று ஆசானைக் கேட்டோம். புதியவர்கள் வரலாம் என்றார்.